நவச்சாரத் தண்ணீர்

2012 கோடையில், அயனாவரத்தில் பெரியப்பா வீட்டு முன்னறையில், ஒரு மாதத்துக்கு மேல் நாங்கள் மீன் இல்லாத மீன் தொட்டி ஒன்றை வைத்திருந்தோம். மோட்டார் ஓடியது, குமிழி வந்தது, விளக்கும் எரிந்தது. மீன்தான் இல்லை.

வேலை கிடைத்து நான் சென்னைக்கு வந்த புதிது. அண்ணன் வெளிநாடு போய்விட்டதால் அவனுடைய படிப்பு மேசை சும்மா கிடந்தது. அதன்மேல் ஒரு தொட்டி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பெரியம்மா உடனே மறுத்தார். யார் கழுவுவது, யார் தீனி போடுவது, செத்தால் யார் எடுத்துப் போடுவது? பெரியப்பா பதில் சொல்லாமல் எழுந்து வந்து மேசையின் மூலைகளை அழுத்திப் பார்த்தார்.

"ஒரு கன அடித் தண்ணி 28 கிலோ. மூணுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு தொட்டின்னா தண்ணியே 85 கிலோ. கண்ணாடி, மணல் தனி. தேக்குதான், தாங்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தொட்டியை நீ வாங்கும்மா. மீன் எப்போ விடணும்கிறதை மட்டும் நான் சொல்றேன்."

ஓய்வு பெறும்வரை அவர் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். அதே வராந்தாவின் மறுகோடியில் விலங்கியல் துறை. ஒவ்வொரு ஜூனிலும் அங்கே மாணவர்கள் புதுத் தொட்டி வைப்பார்களாம். ஒரு வாரம் மீன்கள் துள்ளிக்கொண்டு திரியும். அடுத்த வாரம் ஒவ்வொன்றாக மிதக்கும். தண்ணீரோ பளிச்சென்று இருக்கும். ஒருநாள் விலங்கியல் பேராசிரியர் அந்தத் தண்ணீரைக் குடுவையில் எடுத்துவந்து, "இதுல அம்மோனியா இருக்கா பாருங்க" என்றாராம். நெஸ்லர் கரைசலைச் சொட்டியதும் சோதனைக் குழாய் எப்படி மஞ்சளாகிப் பழுப்பை நோக்கிப் போனது என்பதைப் பெரியப்பா இத்தனை வருடம் கழித்தும் விரலைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

மீன் உணவைச் செரித்து வரும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியே விடுகிறது. போட்டு மிச்சமான தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஏரியில், குளத்தில் அதைத் தின்பதற்கென்றே பாக்டீரியாக்கள் சேற்றிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியா செவுளைக் கெடுக்கும். நைட்ரைட் ரத்தத்தில் ஏறி, பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் செய்யும். ரத்தமே சாக்லேட் நிறத்துக்குப் போய்விடும். நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதல்ல, அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போதும். கடையிலிருந்து வந்த புதுக் கண்ணாடித் தொட்டியில் இந்த இரண்டு வகையும் கிடையாது. அவற்றை முதலில் குடிவைக்க வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் இதை 'டேங்க் சைக்கிள் ஆகுறது' என்பார்கள். பெரியப்பாவின் பேச்சில் அந்தச் சொல் வந்ததே இல்லை. "தொட்டி இன்னும் பழகலை" என்பார்.

தொட்டி வாங்கக் கொளத்தூருக்குப் போனோம். வண்ண மீன் என்றால் இந்தியா முழுக்கத் தெரிந்த ஊர். வீட்டுக் கொல்லையில், மாடியில், வாடகைக்கு எடுத்த காலி மனையில் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு எடுக்கிறார்கள். ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் மீன்கள் வெளிமாநிலங்களுக்குப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகளுக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. தொட்டி விற்றவர் நல்ல மனிதர்தான். ஆனால் நாங்கள் மீன் வேண்டாம் என்றது அவருக்குப் புரியவில்லை. "ரெண்டு நாள் மோட்டார் ஓடட்டும் சார், அப்புறம் விடலாம். பயமா இருந்தா முதல்ல சின்னதா நாலு மீன் போட்டுப் பாருங்க. செத்தாலும் பத்து ரூபாய்தானே" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பெரியப்பாவின் முகம் மாறியது. தொட்டிக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இரண்டு தெரு தள்ளி, மோலியும் கப்பியும் எடுக்கிற பெரியவர் ஒருவரின் கொல்லைக்குப் போனோம். புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டி ஒன்றில் வாழைத்தண்டுத் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. சிமெண்டின் காரம் இறங்க அப்படிச் செய்வார்களாம். தண்ணீர் கறுத்து நாறியது. அது ஊறி முடித்து, கழுவி, மறுபடி தண்ணீர் பிடித்து, பழைய தொட்டித் தண்ணீரைக் கலந்து, அப்புறம்தான் மீன். இத்தனை பொறுமை உள்ள ஊரில், வாங்க வருகிறவர்களுக்கு மட்டும் இரண்டு நாள் கணக்குச் சொல்கிறார்கள். காத்திருக்கச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அது வீண் பயமும் அல்ல. பெரியப்பா அந்தப் பெரியவரிடம் மீன் கேட்கவில்லை, ஓடிக்கொண்டிருந்த ஒரு ஸ்பான்ஜ் பில்டரைக் கேட்டார். அவர் சிரித்துவிட்டார். அழுக்கேறிய அந்தக் கறுப்பு ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரோடே ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

தொட்டி நிறைந்ததும் ஒரு சிட்டிகை ஹைப்போ. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை முறிக்க. மீன் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று சின்னப் புட்டியில் விற்பதும் பெரும்பாலும் இதுதான். போட்டோ ஸ்டுடியோக்களில் முன்பு பிலிம் கழுவ வைத்திருந்தார்களே, அதே ஹைப்போ. குளோரின் இருக்கிற தண்ணீரில் மீனும் பிழைக்காது, நாம் வளர்க்க நினைக்கிற பாக்டீரியாவும் பிழைக்காது.

அடுத்து நவச்சாரம்.

அந்தப் பெயரைக் கேட்டதும் பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்து, துருத்தி வைத்து, பித்தளைப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவித் துணியால் தேய்ப்பார்; குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பும்; பிள்ளைகள் இருமிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். "அதையா தண்ணியில போடப்போறீங்க?" அதேதான், அம்மோனியம் குளோரைடு. ஆனால் நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் என்னென்ன கலந்திருக்குமோ என்று பெரியப்பா பாரிமுனைப் பக்கம் ஒரு ரசாயனக் கடையில் ஆய்வகத் தரத்தில் ஒரு புட்டி வாங்கி வந்தார். மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்கு யார் சோறு போடுவது? இந்தப் புட்டிதான்.

கணக்கு எளிது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வேண்டும். மணல் போக எங்கள் தொட்டியில் ஏறக்குறைய 75 லிட்டர் நின்றது. அதற்கு அரை கிராம் நவச்சாரம்கூட முழுதாகத் தேவையில்லை. அரை கிராமை வீட்டில் எப்படி நிறுப்பது? 5 கிராமை நிறுத்து வாங்கி அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தார். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து 50 மில்லி ஊற்றினால் அரை கிராம். புட்டியில் லேபிள் ஒட்டி, குடிநீர் அல்ல என்று சிவப்பு மையில் எழுதி, பூட்டும் அலமாரியில் வைத்தார்.

சோதிப்பதற்கு நெஸ்லர் கரைசல். அவர் காலத்து மாணவர் ஒருவர் எங்கோ ஆய்வகத்தில் இருந்தார். அவர் மூலம் வந்தது. சால்ட் அனாலிசிஸில் அம்மோனியம் உப்பைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் நானும் அதைச் சொட்டியிருக்கிறேன். அங்கே பழுப்பு வீழ்படிவு வந்ததும் மதிப்பெண் கிடைத்துவிடும். இங்கே மஞ்சளின் ஏற்ற இறக்கத்தைப் படிக்க வேண்டும். முதல் நாள் குழாயே கலங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. சென்னைத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம், அவை நெஸ்லரோடு சேர்ந்து கலங்கும் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் ரோஷெல் உப்புக் கரைசல் ஒரு துளி சேர்த்தார். கலங்கல் போய் மஞ்சள் தெளிவாக எழுந்தது. நெஸ்லரில் பாதரசம் உண்டு. அதனால் சோதித்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டவும் விடமாட்டார், சாக்கடையில் ஊற்றவும் விடமாட்டார். தனிப் புட்டியில் சேர்த்து ஆய்வகத்துக்கே திருப்பி அனுப்பினார். அந்தக் குழாய்கள் சமையலறை வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது பெரியம்மாவின் சட்டம்.

நைட்ரைட்டுக்கு நான் வாங்கிய வெளிநாட்டுச் சோதனைப் பெட்டி. வெளிர் நீலமாக இருந்தால் ஒன்றுமில்லை. ஊதா ஏறினால் நைட்ரைட். பெட்டியைப் பிரித்துப் பார்த்து, "இது டையசோ சாயம்மா. அனிலின் சோதனை பண்ணியிருப்பியே, அதே வேலைதான்" என்றார். இந்தச் சோதனைக்கு மூலம் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர். இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தபடி 1879-இல் இதைக் கொடுத்தவர். இது பெரியப்பா சொன்னதல்ல, பிறகு நானாகத் தேடிப் படித்தது.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றன்றைய அளவு எழுதப்பட்டு, கிளிப்பில் சேர்ந்தது. ஆரம்பத்துத் தாள்கள் அத்தனையும் ஒன்றுபோலவே இருக்கும். அம்மோனியா 2, நைட்ரைட் 0. ஒருநாள் தண்ணீர் திடீரென்று பால் கலந்ததாக வெளுத்தது. வேலை நடக்கிறது என்று நான் குதித்தேன். இல்லையாம். மிதந்து பெருகும் வேறு பாக்டீரியாக்களாம் அவை. நமக்கு வேண்டியவை தண்ணீரில் மிதப்பதில்லை, ஸ்பான்ஜிலும் மணலிலும் ஒட்டிக்கொள்பவை, கண்ணுக்கு எதையும் காட்டாதவை. வெண்மை தானாகவே அடங்கியது. பிறகு கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம். அதுவும் இவற்றுக்குச் சம்பந்தமில்லாத பாசி.

வீட்டுக்கு வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "தண்ணியை மட்டும் வளர்க்குறியாடி?" என்றார் மாடி வீட்டு மாமி. வாஸ்துப்படி தொட்டி வடகிழக்கில் இருக்க வேண்டும், எட்டு தங்க மீனும் ஒரு கறுப்பு மீனும் இருக்க வேண்டும் என்று இன்னொருவர் எண்ணிக்கையோடு சொன்னார். பெரியம்மாவுக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. ஒருநாள் ராத்திரி பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கிழவர் கொடுத்த ஸ்பான்ஜ் எதுக்கு? தயிருக்கு உறை விடுற மாதிரியா?"

"அதேதான்" என்றார் பெரியப்பா.

"அப்போ காலையில உறைஞ்சிருக்கணுமே?"

இதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு விஷயத்தைத் திறந்துவிட்டது. தயிர் பாக்டீரியாவுக்குப் பால் என்கிற விருந்து கிடைக்கிறது, ராத்திரிக்குள் பெருகிவிடும். இவற்றுக்குக் கிடைப்பது அம்மோனியாவும் காற்றும் மட்டும். அதில் வரும் சொற்ப ஆற்றலை வைத்துக்கொண்டு கரியமில வாயுவிலிருந்து தன் உடம்பைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று இரண்டாவதற்கே அரை நாள், ஒரு நாள் என்று ஆகும். சென்னைக் கோடையில் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி இருப்பதால் நமக்கு இதுவே சீக்கிரம். குளிர் நாடுகளில் ஹீட்டர் போட்டுக் காத்திருப்பார்கள். அக்கினி நட்சத்திரத்தால் ஒரு நன்மை உண்டென்று யாராவது சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 1877-இல் பிரான்ஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடைத் தண்ணீரை மெதுவாக வடித்தார்கள். முதல் 20 நாள் அம்மோனியா போனபடியே வெளியே வந்தது. அதன்பின் நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் ரசாயன மாற்றம் என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். 20 நாள் தாமதமானது என்றால் ஏதோ உயிர் உள்ளே வளர்ந்திருக்கிறது. சந்தேகத்தைத் தீர்க்கக் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் நின்றுபோனது. மண் கரைசலை ஊற்றியதும் சில நாளில் மறுபடி தொடங்கியது. அந்த உயிரைத் தனியே பிரித்து வளர்ப்பதற்கு 1890-இல் வினோகிராட்ஸ்கி வர வேண்டியிருந்தது. மற்றவர்கள் சத்தான ஜெலட்டினில் வளர்க்கப் பார்த்துத் தோற்றார்கள்; அவர் அந்தச் சத்து எதையும் கொடுக்காமல் வளர்த்தார். அயனாவரத்து முன்னறையில் காலண்டர் தாள்களில் நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது ஷ்லோசிங் குழாயின் கதையைத்தான்.

அந்த வருடம் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் இதைவிடப் பல மடங்கு. மோட்டார் நின்றதும் நான் தவிப்பேன். ஸ்பான்ஜில் இருப்பவை பிராணவாயு இல்லாமல் செத்துவிட்டால்? பெரியப்பா விசிறிக்கொண்டே, "திறந்த தண்ணியில கிடக்கிற ஸ்பான்ஜுக்கு ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது. மூடின பெட்டி பில்டர்னாதான் கவலை. அடைபட்ட தண்ணி உள்ளயே கெட்டுடும்" என்பார்.

அம்மோனியா இறங்கத் தொடங்கியது. 2 ஊற்றினால் மறுநாள் 1; பிறகு கால். ஆனால் நைட்ரைட் ஊதாவின் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. நாட்கள் போகின்றன, ஊதா அசையவில்லை. எல்லாத் தொட்டிகளிலும் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். இரண்டாம் வகை பாக்டீரியாவுக்கு உணவே முதல் வகை உண்டாக்கித் தர வேண்டும் என்பதால் அது பின்தங்கியே வரும்.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. உள்ளே இரண்டு தங்க மீன். "காலித் தொட்டியைப் பார்க்கவே நல்லா இல்லைன்னு அண்ணி போன்ல சொன்னாங்களே" என்றார். பெரியம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. மீன்களைத் திருப்பிக் கொடுக்க முடியாது, தொட்டியில் விட முடியாது. பெரியப்பா குளியலறையிலிருந்து பெரிய நீல வாளியைக் கொண்டுவந்து, தேய்த்துக் கழுவி, ஹைப்போ போட்ட தண்ணீர் பிடித்து மீன்களை விட்டார்.

வாளியின் பொறுப்பு பெரியம்மாவுக்கு. காலையும் மாலையும் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். தீனி ஒரு சிட்டிகைக்கும் குறைவு. தண்ணீர் மாற்றுவதற்குச் சற்று முன் பெரியப்பா அந்த வாளித் தண்ணீரில் நெஸ்லர் சொட்டிக் காட்டினார். அரை நாளில், இரண்டு சின்ன மீன்கள், கண்ணுக்குத் தெளிவாக இருந்த தண்ணீர்: குழாயில் மஞ்சள் ஏறியது. பெரியம்மா அதன்பிறகு ஒரு வேளைகூடத் தண்ணீர் மாற்றத் தவறவில்லை. "ஐயோ, அது மூச்சு விடுறதே அதுக்கு விஷமா?" என்று அன்றைக்கு முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். முன்பின் படிக்காத விஷயத்தை அவரைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த விஷமும் தண்ணீரைப் பொறுத்தது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். செவுளுக்குள் எளிதில் புகுவது அதில் ஒன்று. பி.எச். 7 என்றால் அந்த வடிவம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8 ஆகிவிட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு. எங்கள் தெரு போர் தண்ணீர் எட்டுக்குப் பக்கம். அதனால் வாளிக்கு மெட்ரோ தண்ணீர்தான் என்று பெரியம்மா தீர்மானித்துவிட்டார். குடிக்கப் பிடித்து வைத்த குடத்தில் ஒன்று மீனுக்குப் போனது.

ஊதா எப்போது வெளுத்தது என்று நாங்கள் பார்க்கவே இல்லை. வாளியிலேயே கவனமாக இருந்துவிட்டோம். ஒருநாள் காலை குழாயில் சொட்டினால் வெளிர் நீலம். பெரியப்பா நம்பாமல் மறுபடி சொட்டினார். நவச்சாரத் தண்ணீர் 50 மில்லி ஊற்றி மறுநாள் அதே நேரத்தில் சோதித்தார். அம்மோனியா இல்லை, நைட்ரைட்டும் இல்லை. சேர்ந்திருந்த நைட்ரேட்டுக்காக முக்கால் தொட்டித் தண்ணீரை இறக்கி மாற்றினோம்.

"நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர், ரெண்டு பேரும் குடிவந்தாச்சு" என்றார். பள்ளிப் புத்தகத்தில் நாங்களும் படித்த பெயர்கள். ஆனால் நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று 1998-லேயே காட்டிவிட்டார்கள். இரண்டு வேலையையும் தனியாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இருப்பது 2015-இல் தெரிந்தது. அதில் ஒன்று கிடைத்தது மீன் வளர்க்கும் அமைப்பின் வடிகட்டியிலிருந்துதான். அதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "அப்படியா? பேர்தானே மாறியிருக்கு, வேலை நடந்ததா இல்லையா?" என்றார்.

என்ன மீன் வாங்குவது என்பதில் எனக்கும் அவருக்கும் வழக்கு இருந்தது. எனக்கு நியான் டெட்ரா. அது மென்தண்ணீர் மீன், இந்த ஊருக்கு மோலிதான் சரி என்பது அவர் வாதம். வழக்கு தீர்ப்புக்கு வரவில்லை. பெரியம்மா வாளியைத் தூக்கி வந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். தங்க மீன்கள் இரண்டும் தொட்டிக்குப் போயின. பொடிசுகளாக இருந்ததால் இடம் போதும். ஆனால் கழிவு அதிகம் விடுகிற சாதி. அதனால் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகவே ஏற்றினோம். வரும்படிக்குத் தகுந்த அளவில்தான் பாக்டீரியாவும் குடும்பம் நடத்தும்.

மழைக்காலம் தொடங்கியபோது பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். புதுத் தொட்டி வாங்கியிருக்கிறான், எங்கள் ஸ்பான்ஜில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டான். பெரியப்பா வெளியே போயிருந்தார். பெரியம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார், உடனே வெட்டவில்லை.

"மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா?"

"மெட்ரோதான் ஆன்ட்டி."

"ஹைப்போ போட்டியா?"

போட்டிருந்தான். ஸ்பான்ஜில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு ஒரு டிபன் டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தார். காயவிடக் கூடாது, குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது, டப்பா திரும்பி வர வேண்டும் என்று சொன்னார். பையன் நன்றி சொல்லிவிட்டு, மீன் காலையிலேயே வாங்கியாகிவிட்டது, பையிலேயே இருக்கிறது, போனதும் விட்டுவிடப் போகிறேன் என்றான்.

பெரியம்மா கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க வீட்டுல பெரிய வாளி இருக்காப்பா?"